பழைய ஹவாயன் ரெக்கார்ட்ல ஸ்டீல் கிட்டார் வாசிச்சது யாருன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

லேபிள்ல பாட்டு பேர் இருக்கும், பாடினவர் பேர் இருக்கும், அதுக்குக் கீழ ஒரு பேண்ட் பேர் இருக்கும், அவ்ளோதான். மூணு நிமிஷமும் நம்ம நெஞ்சைப் புடிச்சு இழுத்துட்டுப் போறது அந்த ஸ்டீல் கிட்டார்தான், ஆனா அதை மடியில வெச்சு, கம்பி மேல பார்ங்கிற உலோகத் துண்டை வழுக்கி வாசிச்ச ஆள் பேர் எங்கயும் இருக்காது. அன்னிக்கு வந்தாங்க, வாசிச்சாங்க, கைல குடுத்த காசை வாங்கிட்டு போய்ட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு நம்ம உட்கார்ந்து அந்தப் பேரைத் தேடுறோம். எனக்கு இது ரொம்ப முக்கியமான வேலையாப் படுது, அதனால இத்தனை வருஷத்துல கத்துக்கிட்ட முறைய முழுசா எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பாட்டைக் கேட்ட உடனே "இது சோல் ஹோபீ மாதிரியே இருக்கே"ன்னு, அந்தக் காலத்துப் பேர் போன ஸ்டீல் ஆள் ஒருத்தர் பேரைச் சொல்லி ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க, நானும் அங்கதான் ஆரம்பிச்சேன். ஒரு ஃப்ரெண்டு பழைய தட்டுல இருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பின ஒரு ஆடியோவைக் கேட்டுட்டு இது ஹோபீதான்னு ரெண்டு மூணு வாரம் முழு நம்பிக்கையோட இருந்தேன், அவரோட எல்லா ரெக்கார்டோடயும் ஒப்பிட்டு ஒப்பிட்டு அந்த ஜாரு இங்க இருக்கு, இந்த முடிவு அங்க இருக்குன்னு பக்கம் பக்கமா குறிப்பு எழுதினேன். அப்புறம்தான் அந்தத் தட்டோட போட்டோ கேட்டு வாங்கிப் பாத்தேன். அது மைக் வர்றதுக்கு முன்னாடி, ஹார்ன் முன்னாடி உட்கார்ந்து வாசிச்ச ரெக்கார்ட். ஹோபீயோட ரெக்கார்டுங்க 1925 வாக்குலதான் லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிக்குது. நான் எழுதினது அத்தனையும் வீண். காது நம்மள ஏமாத்தல, நம்ம ஆசைதான் காதுக்குள்ள பூந்துக்கிச்சு.

அதனால வரிசை இதுதான்: முதல்ல தட்டு, அதுல இருந்து தேதியும் ஊரும், தேதியும் ஊரும் சேர்ந்தா அந்த நேரத்துல அந்த ஊர்ல இருந்த அஞ்சாறு பேரோட பட்டியல், கடைசியாத்தான் காது. ஆயிரம் பேர்ல ஒருத்தரைக் காதால கண்டுபிடிக்க முடியாது, அஞ்சு பேர்ல ஒருத்தரைக் கண்டுபிடிக்க முடியும்.

சரி, தட்டுக்கு வருவோம். 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 சுத்து) ரெக்கார்டா இருந்தா லேபிள்ல பெருசா போட்டிருக்கிற கேட்டலாக் நம்பரை மட்டும் குறிச்சுக்கிட்டு நிறுத்திடாதீங்க, அது கடைக்காரனுக்கான நம்பர். நமக்கு வேண்டியது மேட்ரிக்ஸ் நம்பர், அதாவது அந்தப் பதிவுக்கே கம்பெனி குடுத்த நம்பர். பாட்டு முடிஞ்சதும் ஊசி சும்மா ஓடுற இடம் இருக்கே, லேபிளுக்கும் கடைசி கோட்டுக்கும் நடுவுல பளபளன்னு, அங்க பொறிச்சிருப்பாங்க, சில கம்பெனி லேபிள்லயே சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. டார்ச்சை நேரா அடிக்காதீங்க, தட்டுக்குப் பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு அடிங்க, அப்பதான் அந்தக் கீறல் எழுத்துக்கு நிழல் விழுந்து படிக்க முடியும், இல்லைன்னா ஒரு வெள்ளைக் காகிதத்தை மேல வெச்சு பென்சிலால மெதுவா தேய்ச்சு எடுங்க, சின்ன வயசுல காசை வெச்சு தேய்ப்போமே அதே மாதிரி.

அங்க என்னெல்லாம் கிடைக்கும்னா, 1925ல அமெரிக்காவுல மைக் வெச்சு எலக்ட்ரிக்கல் ரெக்கார்டிங் வந்துச்சு, அதுல இருந்து விக்டர் தட்டுல ஒரு முட்டை வடிவத்துக்குள்ள வி.ஈ.ன்னு ரெண்டு எழுத்து இருக்கும், கொலம்பியாவுல வட்டத்துக்குள்ள டபிள்யூ இருக்கும். இது இருந்தா 1925க்கு அப்புறம். இந்த ஒரு அடையாளமே பாதிப் பேரை உள்ள விட்டு பாதிப் பேரை வெளிய தள்ளிடும். அமெரிக்க டெக்கா 1934லதான் ஆரம்பிச்சாங்க, அவங்க லாஸ் ஏஞ்சலஸ்ல பதிவு பண்ணின மேட்ரிக்ஸ் எல்லாம் டி.எல்.ஏ.ன்னு ஆரம்பிக்கும். அந்த மூணு எழுத்தைப் பாத்துட்டா எனக்கு அப்படியே ஒரு நிம்மதி வரும், ஏன்னா அந்த நேரத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்டுடியோவுக்குப் போய் ஸ்டீல் வாசிச்சவங்கன்னு எடுத்தா சோல் ஹோபீ, டிக் மெக்கின்டயர், சாம் கோக்கி, ஆண்டி அயோனா, இப்படி கை விரல்ல எண்ணுற அளவுக்குத்தான் பேர் வரும்.

ஒரு எச்சரிக்கை, அச்சடிச்ச ஊர் வேற பதிவு பண்ணின ஊர் வேற. நம்ம ஊர்ல பழைய கடைங்கள்ல கிடைக்கிற ஹவாயன் தட்டுல "டம் டம்"னு போட்டிருந்தா அது கல்கத்தா பக்கம் இருந்த ஃபேக்டரில அச்சடிச்சதுன்னு மட்டும்தான் அர்த்தம், பதிவு லண்டனாவும் இருக்கலாம், அமெரிக்காவாவும் இருக்கலாம். அதே சமயம் நிஜமாவே கல்கத்தாவுலயே பதிவு பண்ணினதாவும் இருக்கலாம், அங்க கார்னி நிஸ்ஸும் அவரோட அலோஹா பாய்ஸும் 1930கள் கடைசில இருந்து ரெக்கார்ட் போட்டிருக்காங்க, சமோவாவுல பொறந்து ஹவாயில வளர்ந்த டாவு மோயே குடும்பத்தோட 1940கள்ல கல்கத்தாவுலயே தங்கி வாசிச்சுட்டு சொல்லியும் குடுத்துட்டு இருந்தார். அதனால மேட்ரிக்ஸ் நம்பர் எந்த நாட்டு வரிசைன்னு பாக்காம ஊரை முடிவு பண்ணவே கூடாது.

மேட்ரிக்ஸ் நம்பர் கிடைச்சதும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சான்டா பார்பராக்காரங்க நடத்துற அமெரிக்க வரலாற்று ரெக்கார்டிங் டிஸ்கோகிராஃபில (ரெக்கார்டுகளோட விவரப் பட்டியல்) அதைப் போட்டுப் பாருங்க, இலவசம்தான். விக்டர் கம்பெனியோட பழைய பேரேடுல எழுதி வெச்சிருந்த விவரமெல்லாம் அதுல ஏத்தியிருக்காங்க, தேதி, ஊர், எத்தனை டேக் எடுத்தாங்க, சில பதிவுக்கு எந்தெந்த வாத்தியம் இருந்துச்சுங்கிறது வரைக்கும். ஆள் பேர் இல்லாட்டியும் ரெண்டு ஸ்டீல் கிட்டார், ஒரு உகுலேலேன்னு இருந்தாலே அது பெரிய துப்பு. இதோட மால்கம் ராக்வெல் தொகுத்த, 1891ல இருந்து 1960 வரைக்குமான ஹவாயன் ரெக்கார்டுகளோட டிஸ்கோகிராஃபி ஒண்ணு இருக்கு, இந்த வேலையில இறங்குறவங்களுக்கு அது இல்லாம முடியாது.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், ஒரே பதிவு வேற வேற பேர்ல வெளிவர்றது. 1920கள்ல மலிவு விலை லேபிள்னு ஒரு கூட்டமே இருந்துச்சு. கொலம்பியா கம்பெனியே ஹார்மனி, வெல்வெட் டோன், டீவான்னு தனித்தனி பேர்ல விலை கம்மியா தட்டு வித்தாங்க, அதே பதிவுதான், லேபிள் மட்டும் வேற. பேன்னர், டாமினோ, ரீகல், ஓரியோல் இதெல்லாம் இன்னொரு கூட்டம். இவங்க பேண்ட் பேரை இஷ்டத்துக்கு மாத்திப் போடுவாங்க, ஒரு லேபிள்ல ஏதோ ஒரு ஹவாயன் ட்ரியோன்னு இருக்கிறதே இன்னொண்ணுல ஆள் பேரோடயே இருக்கும். அதனால உங்க தட்டோட மேட்ரிக்ஸ் நம்பர் வேற எந்த லேபிள்லயாவது வந்திருக்கான்னு தேடுங்க. பல நேரம் கேஸ் அங்கயே முடிஞ்சிடும், காதே வேண்டாம்.

அப்படித் தேடினா அடிக்கடி வந்து நிக்கிற பேர் ஃபிராங்க் ஃபெரேரா. 1885ல ஹொனலூலுல பொறந்தவர், 1915ல இருந்து பதினஞ்சு வருஷத்துக்கு நியூயார்க்ல கிட்டத்தட்ட எல்லா கம்பெனிக்கும் நூத்துக்கணக்குல வாசிச்சுத் தள்ளியிருக்கார். முதல்ல மனைவி ஹெலன் லூயிஸோட சேர்ந்து, அந்தம்மா 1919 கடைசில கப்பல் பயணத்துல காணாமப் போய்ட்டாங்க, அதுக்கப்புறம் ஆந்தனி ஃபிராங்கினியோட சேர்ந்து. அதனால 1915ல இருந்து 1925 வரைக்குமான நியூயார்க் பதிவு, பேர் தெரியாத ஹவாயன் பேண்டுன்னா முதல் சந்தேகம் ஃபெரேரா மேலதான் இருக்கணும், அவர் இல்லைன்னு காரணத்தோட சொல்ல முடிஞ்சாத்தான் அடுத்த ஆளுக்குப் போகணும்.

லேபிள்ல இருக்கிற தலைவர் பேர்தான் ஸ்டீல் வாசிச்சவர்னு நினைக்கிறது அடுத்த பெரிய தப்பு. லானி மெக்கின்டயர் பேர் போட்ட ரெக்கார்டைப் பாத்துட்டு ஸ்டீலும் அவர்தான்னு எழுதி வெச்சிருக்கிறதை எத்தனையோ இடத்துல பாத்திருக்கேன், லானி வாசிச்சது சாதா கிட்டார், பாடினார், பேண்டை நடத்தினார். ஸ்டீல் வாசிச்சது அவரோட அண்ணன் தம்பிகள்ல டிக். அதுக்காக லானி பேர் இருக்கிற எல்லாத்துலயும் டிக்தான்னு முடிவு பண்ணிடவும் கூடாது, அங்கயும் தேதி பாக்கணும். இங்கிலாந்துல ஃபீலிக்ஸ் மெண்டல்சன்னு ஒருத்தர், 1930கள் கடைசில இருந்து 1950கள் ஆரம்பம் வரைக்கும் அவரோட ஹவாயன் செரனேடர்ஸ் கொலம்பியால எக்கச்சக்கமா போட்டாங்க, அவர் பேண்ட் நடத்தினவர், ஸ்டீல் வாசிக்கிறவர் இல்ல, ஸ்டீலுக்கு ரோலண்ட் பீச்சி, ஹாரி ப்ரூக்கர், புலு மோயே, சாமி மிட்சல்னு காலத்துக்குக் காலம் ஆள் மாறிட்டே இருந்தாங்க. மெண்டல்சன் தட்டுல தேதி தெரியாம பேர் சொல்றது சும்மா குருட்டடி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் லூயி ஆம்ஸ்ட்ராங் 1936 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலஸ்ல டெக்காவுக்காக ஒரு ஹவாயன் குழுவோட பாடின ரெண்டு பாட்டு. அந்தக் குழுவை நடத்தினவர் ஆண்டி அயோனா. ஆண்டி அயோனாவும் பேர் போன ஸ்டீல் ஆள்தான், அதனால ஸ்டீல் அவர்தான்னு யாரா இருந்தாலும் நினைப்பாங்க. ஆனா டிஸ்கோகிராஃபில பாத்தா ஆண்டி அயோனா பேருக்கு நேரா உகுலேலே, ஸ்டீலுக்கு நேரா சாம் கோக்கி. தலைவருக்கே ஸ்டீல் தெரிஞ்சிருந்தும் அன்னிக்கு வாசிச்சது இன்னொருத்தர். இது ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டா லேபிளை நம்பி அவசரப்பட மாட்டோம்.

ஊரும் தேதியும் ஓரளவு தெரிஞ்சாச்சு, இப்ப வாத்தியத்தோட சத்தம். இதுவும் தேதியைச் சொல்லும். ஜோசப் கெகுகு 1880கள்ல பள்ளிக்கூடத்துப் பையனா ஒவாஹு தீவுல இதைக் கண்டுபிடிச்ச காலத்துல இருந்து 1920கள் நடு வரைக்கும் மரக் கிட்டார்தான், மீட்டினதும் சத்தம் சட்டுன்னு அடங்கிடும், அதனால வாசிக்கிறவங்க நிறைய மீட்டிக்கிட்டே இருப்பாங்க. 1927ல நேஷனல் கம்பெனியோட ட்ரைகோன் வந்துச்சு, உலோக உடம்பு, உள்ள மூணு அலுமினியக் கூம்பு, அந்தச் சத்தம் கொஞ்சம் மூக்கால பேசுற மாதிரி, உலோகப் பளபளப்போட நீளமா நிக்கும், ஹோபீயும் கிங் பென்னி நவாஹியும் அந்த வாத்தியத்தைத்தான் எங்கயோ கொண்டு போனாங்க. 1932ல ரிக்கன்பேக்கர் எலக்ட்ரிக் லேப் ஸ்டீல் கடைக்கு வந்துச்சு, வட்டமா நீளக் கைப்பிடியோட இருக்கிறதால தோசைக்கல்லு மாதிரியே இருக்கும், அடுத்த வருஷமே ரெக்கார்டுங்கள்ல எலக்ட்ரிக் ஸ்டீல் கேக்க ஆரம்பிச்சிடுது. எலக்ட்ரிக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, ஒரு ஸ்வரம் நீளமா நிக்கும்போது அது தேயுதா, இல்ல அப்படியே இருந்து சில சமயம் உப்பிக்கிட்டு கூட வருதான்னு கேளுங்க. உப்பிச்சுன்னா கைல வால்யூம் குமிழைத் திருகுறாங்கன்னு அர்த்தம், அது மரக் கிட்டார்ல நடக்காது. அதே மாதிரி ரெண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும்போது ஒண்ணு துளி கூட அசையாம நிக்க இன்னொண்ணு மட்டும் வழுக்கிட்டு மேல போச்சுன்னா அது பெடலை மிதிச்சு கம்பியோட சுருதியை மாத்துற பெடல் ஸ்டீலா இருக்கலாம், அந்தச் சத்தம் ரெக்கார்டுல பரவலா வந்தது 1954க்கு அப்புறம்தான். ஆனா பாரைச் சாய்ச்சு வெச்சும் கிட்டத்தட்ட இதே மாதிரி பண்ண முடியும், அதனால இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

இனிமேதான் காது. கேக்கிறதுக்கு முன்னாடி ஆடியோவைக் கொஞ்சம் தயார் பண்ணணும். ஆடாசிட்டி போதும், வேற பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ரெண்டு சேனலையும் மோனோவா சேத்துடுங்க, கீழ உறுமுற சத்தத்தை நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, ஆனா நாய்ஸ் ரிடக்ஷனைக் கண்டபடி போட்டுடாதீங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன், ஏன்னா தட்டோட பொரிபொரி சத்தமும் விரல்ல மாட்டின பிக் கம்பியில படுற "டிக்"கும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் இருக்கு, பொரியை எடுக்கிறேன்னு அந்த மீட்டையும் சேர்த்து வழிச்சு எடுத்துடுவீங்க, அப்புறம் யார் வாசிச்சாலும் ஒரே மாதிரிதான் கேக்கும்.

அடுத்தது ஸ்பீடு. 78னு பேரே தவிர பழைய தட்டெல்லாம் சரியா 78லதான் பதிவாச்சுன்னு கிடையாது, 80ல பதிவானதும் நிறைய. 80ல பதிவானதை 78ல ஓட்டினா சுருதி அரை ஸ்வரத்துல கிட்டத்தட்ட பாதி அளவுக்கு இறங்கிடும். ட்யூனிங், அதாவது எந்தக் கம்பியை எந்த ஸ்வரத்துல கட்டியிருக்காங்கன்னு கண்டுபிடிக்கப் போறோம்னா இது பெரிய வித்தியாசம். பாட்டு ஏ-வுக்கும் ஏ ஃப்ளாட்டுக்கும் நடுவுல தொங்கிட்டு இருந்தா ஸ்பீடைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி ஒரு கீயில உட்கார வைங்க. ஆரம்ப கால ஸ்டீல்ல ஏ மேஜர் ட்யூனிங் ரொம்ப சகஜம், அதனால ஏ, டி, ஈ மாதிரி கீயில உட்கார்ந்துச்சுன்னா சந்தோஷப்படலாம்.

இப்ப ட்யூனிங். ஒரு ஆளோட கைரேகை மாதிரி இது, அதுவும் 1930க்கு அப்புறம் ஒவ்வொருத்தரும் தனக்குன்னு ஒரு ட்யூனிங் வெச்சிருந்த காலம். நான் பண்றது இப்படி. பாட்டைப் பாதி ஸ்பீடுக்குக் குறைச்சு, சுருதி மாறாம, ஸ்டீல் வர்ற இடங்களை மட்டும் லூப்ல போட்டுட்டு ஆடாத ஸ்வரங்களைத் தேடுவேன். ஸ்டீல் வாசிக்கிறவங்க பாரைக் கம்பி மேல வெச்சு லேசா ஆட்டிக்கிட்டே இருப்பாங்க, கோட்டுவாத்தியத்துல கட்டை ஆடுற மாதிரி, அதனால ஸ்வரமும் ஆடிக்கிட்டே இருக்கும். ஆனா பார் படாத திறந்த கம்பியை மீட்டினா ஆட்ட முடியாது, அது நேரா, மணி மாதிரி, அப்படியே நிக்கும். நல்லா அசைச்சு வாசிக்கிற ஆள் திடீர்னு ஒரு இடத்துல அசைவே இல்லாம ஒரு ஸ்வரத்தை விட்டார்னா அது பெரும்பாலும் திறந்த கம்பி, இல்லைன்னா பன்னெண்டாவது ஃபிரெட் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாம லேசா தொட்டு எடுக்கிற மணி மாதிரி ஸ்வரம்). அந்த ஸ்வரங்களை ஒவ்வொண்ணா ஒரு பேப்பர்ல எழுதுங்க. பாட்டு முழுக்க நாலஞ்சு கிடைச்சாலே ட்யூனிங் தானா எழும்பி வரும். கீழ இருந்து மேல ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ வந்தா பழைய ஏ மேஜர் லோ பாஸ், அதுல அந்த அடி ஈ கம்பியை "டொம்"னு விடுற ஆளுங்களைக் கேட்டவுடனே தெரிஞ்சிடும். அடியில ஈ இல்லாம ஏ-ல ஆரம்பிச்சு ஏ, சி ஷார்ப், ஈ-ன்னே ரெண்டு தடவை வந்தா ஹை பாஸ்.

இதோட இன்னொரு சோதனை, மைனர் கார்டு. பாரை நேரா வெச்சு மூணு கம்பியைச் சேர்த்து மீட்டி அது சுத்தமான மைனரா ஒலிக்குதா, அப்படியே அந்த மைனரை வழுக்கி மேல கொண்டு போறாங்களான்னு கேளுங்க. ஏ மேஜர் ட்யூனிங்ல அது முடியவே முடியாது, அதுல இருக்கிறது மேஜர் மட்டும்தான், மைனர் வேணும்னா ரெண்டு கம்பியைத் தொட்டுட்டு ஓடணும், இல்ல பாரைச் சாய்க்கணும். முழு மைனரும் முழு மேஜரும் ரெண்டுமே நேர் பார்ல வருதுன்னா ட்யூனிங் மாறிடுச்சு, சி சிக்ஸ்த்தா இருக்கலாம், ஹோபீ கொண்டு வந்த சி ஷார்ப் மைனரா இருக்கலாம். ஹோபீயோட 1920கள் ரெக்கார்டையும் 1930கள் நடுவுல டெக்காவுக்கு எலக்ட்ரிக்ல வாசிச்சதையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டுப் பாருங்க, முன்னது ஒத்தைக் கம்பில ஜாஸ் ஓட்டம், குதிரைக் குளம்பு மாதிரி மும்மூணா சொட்டும், பின்னது அப்படியே கார்டு கார்டா நகரும். ஆள் ஒருத்தர்தான், ட்யூனிங் மாறினதும் கையே மாறின மாதிரி இருக்கு. ஒரே ஆளோட ரெண்டு காலத்தைக் கேட்டு வெச்சிருக்கணும்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

ஆனா எனக்கு எல்லாத்தையும் விட அதிகம் கை குடுத்தது வேம்ப்தான். ஹூலாங்கிற ஹவாய் நடனப் பாட்டுல ஒரு சரணம் முடிஞ்சு அடுத்த சரணம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி வரும், சி கீயில இருந்தா டி செவன்த், ஜி செவன்த், சி, இந்த மூணு கார்டு ரெண்டு சுத்து. பாட்டு பாடினவரோடது, மெட்டு போட்டவரோடது, ஆனா அந்த ரெண்டு சுத்து மட்டும் ஸ்டீல் ஆளோட சொந்த வீடு. அங்க யாரும் எதுவும் எழுதிக் குடுக்கல, கைக்கு வர்றதைத்தான் வாசிப்பாங்க, அதனால ஒரே ஆள் அம்பது பாட்டுல அதே வேம்பை லேசா மாத்தி மாத்தி வாசிச்சிருப்பார். நம்ம கச்சேரில முத்தாய்ப்பு வைக்கிற விதத்தை வெச்சே கண்ணை மூடிக்கிட்டு யார் பாணின்னு சொல்ற பெரியவங்க இருக்காங்கல்ல, அதே கதைதான். அதனால சந்தேகப்படுற பாட்டுல இருந்து எல்லா வேம்பையும் வெட்டி ஒரு ஃபைலா ஒட்டுங்க, பட்டியல்ல இருக்கிற ஒவ்வொருத்தரோட பேர் உறுதியான ரெக்கார்டுல இருந்தும், அதே ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வந்ததா பாத்து, வேம்பை மட்டும் வெட்டி ஒட்டுங்க. எல்லாத்தையும் ஒரே கீக்கு மாத்திடுங்க. அப்புறம் வீட்ல யார்கிட்டயாவது குடுத்து பேர் தெரியாம கலைச்சுப் போட்டு ஓட்டச் சொல்லுங்க. பேர் தெரியாம கேட்டும் அதே ஆளைத்தான் கை காட்டுறீங்கன்னா அப்ப நம்பலாம். நான் தங்கச்சி பையனை உட்கார வெச்சுப் பண்ணினேன், அவனுக்கு இந்த இசை பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா "இதுவும் மூணாவதும் ஒரே மாமாதான் வாசிக்கிறார்"னு சொன்னான், அது சரியா இருந்துச்சு.

அசைவையும் அளக்கலாம். ஒரு நீளமான ஸ்வரத்தை எடுத்து, சத்தத்தைப் படமா காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம்ல பாத்தா அலை அலையா தெரியும், ஒரு செகண்டுக்கு எத்தனை அலைன்னு எண்ணுங்க, பத்து ஸ்வரத்துல எண்ணுங்க. எண்ணிக்கையை விட முக்கியம் எப்ப ஆரம்பிக்குதுங்கிறது. சிலர் மீட்டின நொடியிலேயே ஆட்டுவாங்க, சிலர் ஸ்வரத்தை நேரா நிக்க விட்டுட்டு அப்புறம் மெதுவா அசைப்பாங்க. இந்தப் பழக்கத்தை யாராலயும் லேசுல மாத்திக்க முடியாது. ரெண்டு ஸ்டீல் சேர்ந்து கேக்குதுன்னா இன்னும் நல்லது, அப்படி ரெண்டு பேரை வெச்சு ரெக்கார்ட் பண்ணினவங்க கம்மி, 1927ல இருந்து ஓகேங்கிற லேபிள்ல பதிவு பண்ணின கலாமாஸ் குவார்டெட்ல ரெண்டு ஸ்டீலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற மாதிரி வாசிக்கிறதைக் கேட்டா கண்ணு கலங்கிடும்.

1950கள் எல்பிக்கு வந்தா வேற மாதிரி சிக்கல். வெப்லி எட்வர்ட்ஸ் 1935ல ஆரம்பிச்ச ஹவாய் கால்ஸ் ரேடியோ நிகழ்ச்சி வைக்கீகீ கடற்கரையில மோவானா ஹோட்டல்ல இருந்து நாப்பது வருஷம் ஓடுச்சு, அதோட பேர்ல கேப்பிடல் கம்பெனி வரிசையா எல்பி போட்டாங்க, அட்டை நிறைய கடலும் தென்னை மரமும் இருக்கும், ஸ்டீல் ஆள் பேரைத் தேடினா பல அட்டையில கிடைக்காது. இங்க பட்டியல் சின்னது, டேவிட் கெலியி, ஜூல்ஸ் ஆ சீ, பார்னி ஐசக்ஸ், இன்னும் ரெண்டு மூணு பேர். ஜூல்ஸ் ஆ சீ பளிச்சுனு, கிண்டி விட்ட மாதிரி, எதிர்பாக்காத இடத்துல ஹார்மோனிக்கை மணி அடிச்ச மாதிரி விடுவார், பார்னி ஐசக்ஸ் அமைதியா பாடகரோட மூச்சோட சேர்ந்து போவார். இதெல்லாம் என் காதுக்குப் பட்டது, உங்களுக்கு வேற மாதிரி படலாம். ஆனா காது எதையும் சொல்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய ஒண்ணு இறந்த தேதி. ஜூல்ஸ் ஆ சீ 1960ல இறந்துட்டார், அதுக்கப்புறம் பதிவானதுல அவர் இருக்க முடியாது. டிக் மெக்கின்டயர் 1951, சோல் ஹோபீ 1953. அற்பமான விஷயமாத் தெரியும், ஆனா தப்பா பேர் போட்டு ஊர் சுத்திட்டு இருக்கிறதுல கொஞ்சத்தை இந்த ஒரு தேதியே அடிச்சிடும். பதிவான வருஷத்தைத்தான் பாக்கணும், எல்பி வெளிவந்த வருஷத்தை இல்ல, பழைய டேப்பை எடுத்து புது அட்டையில போடுறது அந்தக் காலத்துலயும் உண்டு.

காது ஒரு பேரைச் சொன்னதும் காகிதத்துல அதுக்கு சாட்சி தேடுங்க. அந்த மாசம் அந்த ஆள் அந்த ஊர்லதான் இருந்தாரா? அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் பண்ணி இலவசமா வெச்சிருக்காங்க, ஹொனலூலு பேப்பர்களும் அதுல இருக்கு, ஹோட்டல் விளம்பரம், ரேடியோ நிகழ்ச்சிப் பட்டியல், கப்பல்ல யார் வந்தாங்க யார் போனாங்கங்கிற பத்தி, இதுலதான் இசைக்காரங்க பேர் சின்ன எழுத்துல ஒளிஞ்சிருக்கும். தேடும்போது பேரை நாலு விதமா எழுதித் தேடுங்க, ஃபெரேராவையே பலாகிகோன்னும் ஃபெரேய்ரான்னும் போட்டிருப்பாங்க, ஹவாய் மொழியில வார்த்தை நடுவுல தொண்டையில ஒரு கணம் நிறுத்துறதைக் காட்டுற குறியை ஆங்கிலப் பேப்பர்க்காரங்க அப்படியே முழுங்கிடுவாங்க. ஹொனலூலுல இருக்கிற பிஷப் மியூசியத்தோட ஆவணக் காப்பகத்துக்கு மரியாதையா, குறிப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதலாம், 1985ல ஆரம்பிச்ச ஹவாயன் ஸ்டீல் கிட்டார் சங்கத்துல அந்தக் கால ஆளுங்ககிட்ட நேரடியா கத்துக்கிட்டவங்க இருக்காங்க, ஆடியோவையும் மேட்ரிக்ஸ் நம்பரையும் சேர்த்து அனுப்புங்க. உங்க யூகத்தை மட்டும் முதல்லயே சொல்லிடாதீங்க, பேரைச் சொல்லிட்டுக் கேட்டா அவங்க காதும் அதையேதான் கேக்கும்.

கடைசியா எழுதி வைக்கிற விதம். நான் மூணே வார்த்தைதான் வெச்சிருக்கேன். பேரேடுலயோ இசைக்காரங்க யூனியன் சீட்டுலயோ, கூட வாசிச்சவங்க வாயாலயோ வந்திருந்தா "உறுதி". தேதி, ஊர், ட்யூனிங், வேம்ப் நாலும் ஒத்துப் போய் காகிதம் மட்டும் கிடைக்கலைன்னா "அநேகமா". வெறும் காது மட்டும்னா "காதுக்குப் பட்டது". யூட்யூப்ல ஏத்தும்போதும் இதே வார்த்தையைப் பேருக்குப் பக்கத்துல போடுங்க, ஏன்னா இன்னிக்கு நம்ம போடுற யூகத்தை நாளைக்கு ஒருத்தர் எடுத்து சிடி அட்டையில அச்சடிச்சிடுவார், அதுக்கப்புறம் அதுவே ஆதாரம் ஆகிடும், அங்க நிஜமா வாசிச்ச ஆள் ரெண்டாவது தடவையும் காணாமப் போயிடுவார். கூடவே மேட்ரிக்ஸ் நம்பர், தட்டோட போட்டோ, திறந்த கம்பி ஸ்வரங்களை எழுதின பேப்பர், வேம்ப் ஃபைல், பட்டியல்ல இருந்து யார் யாரை எதுக்காக நீக்கினோம்ங்கிற குறிப்பு, எல்லாம் ஒரே ஃபோல்டர்ல தேதி போட்டு வைங்க. என்கிட்ட அப்படி பதினோரு ஃபோல்டர் இருக்கு, அதுல நாலு "உறுதி", அஞ்சு "அநேகமா", ரெண்டு இன்னும் பேர் இல்லாம இருக்கு, அந்த ரெண்டையும் வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.